இருநூறு கோடி பாக்டீரியாவும் ஒரு புகைக்குழாயும்

மருந்துக்கடை நடத்துகிறவனுக்கு ஊரில் என்ன நோய் பரவுகிறது என்பது தெரியும் முன்பே, ஊர் என்ன வீடியோ பார்க்கிறது என்பது தெரிந்துவிடும். போன மழைக்காலம் முழுக்க என் கடையில் ஆளாளுக்குக் கேட்டது புரோபயாடிக், அதாவது உடம்புக்கு நல்லது என்று விற்கும் உயிருள்ள பாக்டீரியா. வயிற்றுப்போக்குக்கு என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடலாம். இவர்கள் கேட்டது ஆஸ்துமா இழுப்புக்கு. "குடல்ல நல்ல கிருமி கூடினா நெஞ்சுல சளி கெட்டாதுன்னு சொல்லுகாவ, உள்ளதா அண்ணே?" என்றார் ஒரு பெண். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒருவர், டாக்டர் எழுதிய இரண்டு இன்ஹேலர்களில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதற்கு வைத்திருந்த காசில் புரோபயாடிக் கேப்சூல் தரச் சொன்னார். அவர் எடுத்துக்கொண்டது மூச்சு முட்டும்போது உடனே கேட்கும் நீல இன்ஹேலரை. வேண்டாம் என்றது நாள்தோறும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை. விட்டிருக்கக்கூடாதது அதுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆதாயம் உண்டு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்துமா இன்ஹேலர்களில் முக்கியமானவை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. அரசு விலை நிர்ணயித்திருக்கிறது, சில்லறைக் கடைக்கு 16 சதவீதம்தான். புரோபயாடிக்குகளில் பெரும்பாலானவை உணவுச் சேர்க்கை என்ற பெயரில் வருகின்றன. அவற்றுக்கு விலைக் கட்டுப்பாடு கிடையாது, கமிஷன் தாராளம். ஆகவே 'நல்ல கிருமி' வியாபாரம் ஓடினால் எனக்குச் சந்தோஷம்தான் வர வேண்டும்.

கேள்விக்கு நேர்ப் பதில் சின்னது. ஆஸ்துமாவுக்குப் புரோபயாடிக்கை மருந்தாகக் கொடுக்கும் அளவுக்கு இன்றைக்குச் சான்று இல்லை. உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் கினா அறிக்கை அதைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது முட்டாள்தனமான எண்ணம் அல்ல என்பதும் புரியும். நல்ல ஆராய்ச்சியில் பிறந்து, வழியில் எங்கேயோ கேப்சூலுக்குள் அடைபட்டுப்போன எண்ணம் அது.

1989இல் டேவிட் ஸ்ட்ராகன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், 17,414 குழந்தைகளின் விவரங்களை வைத்துக்கொண்டு ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். வீட்டில் அண்ணன் அக்கா நிறைய இருக்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வாமைச் சளியும் தும்மலும் குறைவு. மூத்த பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் தொற்றுகள்தான் இளையதைக் காப்பாற்றுகின்றனவோ என்று அவர் கேட்டார். பிறகு ஐரோப்பியக் கிராமங்களில் ஆய்வுக்கு மேல் ஆய்வு வந்தது. மாட்டுத் தொழுவத்தோடு வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவு, பக்கத்து ஊரிலேயே தொழுவம் இல்லாத வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குக் கூடுதல்.

எனக்கு மிகப் பிடித்தது 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு கிறிஸ்தவச் சமூகங்கள். இரண்டும் மத்திய ஐரோப்பாவிலிருந்து போனவை, மரபணுவில் நெருக்கம், சாப்பாடு ஏறக்குறைய ஒன்று, குடும்பமும் பெரிது. ஆமிஷ்காரர்கள் குதிரை கட்டிப் பழைய முறையில் விவசாயம் செய்கிறார்கள், பிள்ளைகள் தொழுவத்தில்தான் விளையாட்டு. ஹட்டரைட்டுகளுடையது இயந்திரப் பண்ணை, குழந்தைகள் மாட்டுப் பக்கம் போவது குறைவு. ஆஸ்துமா ஆமிஷ் பிள்ளைகளில் 5.2 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 சதவீதம். ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாவின் வெளியுறையிலிருந்து உதிரும் எண்டோடாக்ஸின் என்ற பொருள் 6.8 மடங்கு இருந்தது. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டார்கள். ஆஸ்துமா வரவழைக்கும் சோதனையில் அந்த எலிகள் தப்பின.

கவனித்தீர்களா? மூக்கில் விட்டார்கள். வாயில் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைக் காத்தது அவர்கள் சுவாசித்த காற்று. இதைக் காட்டித்தான் நம் ஊரில் விழுங்குகிற மாத்திரை விற்கிறார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் இழுப்புக்காரப் பிள்ளையைத் தொழுவத்தில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டாம். நோய் வருமுன் சின்ன வயதில் கிடைப்பது வேறு, வந்தபிறகு கிடைப்பது வேறு. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவருக்கு அதே எண்டோடாக்ஸின் மூச்சைக் கெடுக்கும்.)

குடலுக்கும் இதில் பங்கு உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. கனடாவில் 319 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து 2015இல் ஒரு முடிவு சொன்னார்கள். மூன்று மாத வயதில் குடலில் நான்கு வகை பாக்டீரியா குறைந்திருந்த பிள்ளைகளுக்குப் பிற்பாடு ஆஸ்துமா வரும் அபாயம் கூடுதல். அதற்கு முந்தைய ஆண்டு சுவிட்சர்லாந்தில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு இதன் வழியைக் காட்டியது. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துச் சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போய், அங்கே உருவாகும் நோயெதிர்ப்புச் செல்களை நிதானப்படுத்துகின்றன. நிதானமாக வளர்ந்த செல்கள் நுரையீரலுக்கு வந்தால் அங்கே கலவரம் குறைவு. குடலுக்கும் நுரையீரலுக்கும் இப்படி ஒரு பாதை இருப்பது உண்மை. அப்படியானால் நல்ல பாக்டீரியாவை நேரே கொடுத்துவிட்டால் என்ன? இந்த ஆசை யாருக்கும் வரும்.

வந்தது. ஃபின்லாந்தின் துர்க்கு நகரில், ஒவ்வாமைக் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பிருந்தும், பிறந்த குழந்தைகளுக்கு ஆறு மாதமும் லாக்டோபேசில்லஸ் ஜிஜி என்ற பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். 2001இல் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. இரண்டு வயதில் கரப்பான் என்று நாம் சொல்லும் தோல் ஒவ்வாமை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் மாவு கொடுக்கப்பட்டவர்களில் 46 சதவீதம், பாக்டீரியா சாப்பிட்டவர்களில் 23 சதவீதம். சரிபாதி! இன்றைக்கும் புரோபயாடிக் விளம்பரங்களின் அடியில் ஓடுவது இந்த ஒரு எண்தான்.

விளம்பரத்தில் வராத மிச்சக் கதை இது. அதே பிள்ளைகளை நான்கு வயதிலும் ஏழு வயதிலும் மறுபடி பார்த்தார்கள். கரப்பான் குறைவாகவே இருந்தது. ஆஸ்துமா குறையவில்லை. சொல்லப்போனால் பாக்டீரியா சாப்பிட்ட பக்கத்தில் சற்றுக் கூடுதல் போலவே தெரிந்தது. ஜெர்மனியில் இதே சோதனையைத் திருப்பிச் செய்தபோது கரப்பானுக்கும் பலன் இல்லை. 2013இல் 20 சோதனைகள், 4,866 குழந்தைகள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஆஸ்துமாவிலும் வீசிங்கிலும் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

இவையெல்லாம் வருமுன் காக்கும் முயற்சிகள், அதுவும் பச்சைக் குழந்தைகளில். நாற்பது வயதில், வேலைத்தளத்துக் காற்றால் இழுப்பு வந்தவருக்கு இந்தக் கணக்கில் எந்த இடமும் இல்லை.

எங்கள் ஊர்க்காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். மலை, மழை, கடல், வயல், இங்கே என்ன மாசு என்பார்கள். குமரி மாவட்டத்தில் பெரிய ரசாயன ஆலை வரிசை கிடையாதுதான். எங்களுடையது சில்லறை ரசாயனம், வீட்டு முற்றம் வரைக்கும் வரும்.

ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பாலாகவே விற்பவர்கள் கெட்டிப்படாமல் இருக்க அமோனியா ஊற்றுகிறார்கள். ஷீட் அடிப்பவர்கள் உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் கலக்குகிறார்கள். தட்டில் ஊற்றி, உறைந்து, ரோலரில் அடித்த ஷீட் புகைப்புரைக்குள் போகிறது, அங்கே விறகுப் புகை. இலையுதிர்ந்து தளிர் விடும் மாதங்களில் வெள்ளைப்பூஞ்சைக்காகக் கந்தகப் பொடி தூவுகிறார்கள். கந்தகம் இயற்கைப் பொருள், கெடுதல் இல்லை என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், விவசாயத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் தூவும் கந்தகத்தின் அளவு பத்து மடங்கு கூடும்போது, பிள்ளைகள் ஆஸ்துமா மருந்து எடுக்கும் வாய்ப்பு மூன்றரை மடங்கு கூடியது. அங்கே திராட்சைத் தோட்டம், இங்கே ரப்பர் தோட்டம். பொடி ஒன்றுதான்.

அப்புறம் அண்டி ஆபீஸ். முந்திரி ஆலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. என் அண்ணன் மனைவி, எங்கள் பேச்சில் மைனி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்டி ஆபீஸுக்குப் போகிறவர். முந்திரித் தோட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் பொத்துப்போகும், அதற்குத்தான் தோடு உடைக்கும் பெண்கள் கையில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். பச்சை அண்டியை டிரம்மில் போட்டு வறுக்கும்போது அந்த எண்ணெய் எரிந்து புகையாகிறது. தொண்டையைக் கீறும் புகை. பல ஆபீஸ்களில் இப்போது ஆவியில் அவிக்கும் முறை வந்துவிட்டது, உள்ளே புகை குறைவு. ஆனால் பாய்லருக்கு விறகு பெரும்பாலும் அதே அண்டித் தோடுதான், புகைக்குழாய் தாழ்வாக இருந்தால் அவ்வளவும் பக்கத்து வீட்டு அடுக்களையில் இறங்கும். மைனி வேலை செய்தது பழைய டிரம் ஆபீஸ். இருமல் வந்தது, சளி என்றார். இரவில் மூச்சு முட்டியது, மழைக்காலம் என்றார்.

கடற்கரைப் பக்கம் போனால் ஃபைபர் வள்ளம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கரையோரம் முழுக்க வள்ளங்களைப் பழுது பார்க்கும் பையன்கள் ரெசினும் கேட்டலிஸ்டும் கலந்து கண்ணாடிநார்ப் பாய் ஒட்டுவதைப் பார்க்கலாம். மூக்கில் குத்தும் அந்த வாடை ஸ்டைரீன். வண்டிப் பட்டறைகளில் பளபளப்புக்கு அடிக்கும் இரண்டு-டப்பா பெயின்டில் ஹார்ட்னர் இருக்கிறதே, அதில் இருப்பது ஐசோசயனேட் வகைப் பொருள். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டின் உறவுக்காரர். அந்த அளவுக்குக் கொல்லாது, ஆனால் வேலைத்தள ஆஸ்துமாவைக் கொண்டுவருவதில் உலகம் முழுக்கப் பேர்போனது.

ஒரு ரசாயனம் மூச்சைக் கெடுப்பதில் இரண்டு வகை உண்டு. ஐசோசயனேட் போன்றவை முதல் வகை. நுரையீரலில் உள்ள புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். நோயெதிர்ப்பு மண்டலம் அந்தக் கலவையை அந்நியன் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். இதற்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட ஆகும், அதுவரை ஒன்றும் தெரியாது. ஒருமுறை ஞாபகம் பதிந்துவிட்டால் பிறகு இம்மியளவு வாடை போதும். அமோனியா, குளோரின், அண்டிப் புகை போன்றவை இரண்டாவது வகை. இவற்றுக்கு ஞாபகமெல்லாம் தேவையில்லை, மூச்சுக்குழாயின் உள்தோலை நேராகவே புண்ணாக்கும். ஒரே ஒருநாள் பெரிய அளவில் சுவாசித்தாலே போதும், அதன்பின் மாதக்கணக்கில் ஆஸ்துமாவாக நீடிக்கலாம். இதைத் தனி நோயாக 1985இல் வரையறுத்தார்கள். கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டித் தேய்க்கும் பழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது! அந்த இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. இதைக் கடையில் ஓர் அட்டையில் எழுதியே தொங்கவிட்டிருக்கிறேன்.

இரண்டாவது வகையில் நம் படுக்கையறையும் சேரும். மலேசிய, சீனக் கொசுவர்த்திச் சுருள்களை எரித்துப் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கண்டார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுருளைக் கொளுத்தி, இழுப்புள்ள பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்து, காலையில் அதற்குப் புரோபயாடிக் கொடுத்தால் என்ன பிரயோசனம்?

புண்ணாகும் மூச்சுக்குழாயைக் குடலில் இருந்துகொண்டு பாக்டீரியா காப்பாற்றுமா? சிகரெட் புகை கொடுத்த எலிகளில் சில லாக்டோபேசில்லஸ் வகைகள் நுரையீரல் அழற்சியைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு, பொய் சொல்லவில்லை. ஆனால் அவை ஆய்வகத்து எலிகள். ஒரே ரகம், ஒரே தீனி, புகையும் அளந்து கொடுத்தது, பாக்டீரியாவும் அளந்து கொடுத்தது. அண்டி ஆபீஸில் எட்டு மணி நேரம் உட்காரும் பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது. மேலும் பாக்டீரியாவில் இனம் மட்டும் பார்த்தால் போதாது, ரகம் வரை பார்க்க வேண்டும். லாக்டோபேசில்லஸ் ஜிஜி செய்ததை வேறொரு லாக்டோபேசில்லஸ் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் ஊர்க் கடைகளில் மிக அதிகம் ஓடும் சின்னக் குப்பியில் இருப்பது பேசில்லஸ் கிளாசி என்ற வேறொரு குடும்பத்து பாக்டீரியாவின் வித்துகள், குப்பிக்கு இருநூறு கோடி. வயிற்றுப்போக்குக்கு எழுதுவது. இழுப்புக்கு இருநூறு கோடி போதாதென்று நானூறு கோடியாக வாங்கிப்போனவரும் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2001இல் வகுத்தபடி, உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவில் இருக்க வேண்டும், பலன் நிரூபணமாகியிருக்க வேண்டும், அப்போதுதான் அது புரோபயாடிக். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2011இல் ரகத்தின் அடையாளம் முதல் மனிதச் சோதனை வரை என்னென்ன காட்ட வேண்டும் என்று வழிமுறை வெளியிட்டது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ரகத்தின் எண் இல்லாமல் வெறுமனே லாக்டோபேசில்லஸ் என்று போட்டிருந்தால், எந்தச் சோதனையின் பலனை அது உரிமை கொண்டாடுகிறது என்று கேட்க வழியே இல்லை. எல்லாருக்கும் தீங்கற்றது என்பதும் சரியில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் புரோபயாடிக் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரிக்கை விட்டது. புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

"அப்போ பழஞ்சி?" என்பார்கள் இந்த இடத்தில். கட்டாயம் கேட்பார்கள். முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சி, மோர், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), காந்தாரி மிளகாய், ஒரு துண்டு கருவாடு. இதை அமிர்தமாக்கி, ஆஸ்துமா முதல் சர்க்கரை வரை எல்லாவற்றுக்கும் மருந்தாக்கி ஒரு நாளைக்கு எத்தனை செய்தி வருகிறது போனில்! பழஞ்சி எனக்கும் உயிர். அதில் லாக்டிக் அமில பாக்டீரியா உண்டு என்பதும் உண்மை. ஆனால் எந்த வீட்டுப் பானையில் எந்த ரகம், எவ்வளவு என்பது பானைக்குப் பானை மாறும்.

எனக்கு அதில் வேறொன்று சுவாரசியமாகப் படுகிறது. சமைத்து ஆறிய சோற்றில், சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை போகும் மாவுச்சத்து கூடுகிறது. சின்ன உள்ளியிலும் பூண்டிலும் இன்யூலின் என்ற நார்ச்சத்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெரியவர்களான 17 ஆஸ்துமாக்காரர்களுக்கு இன்யூலினைத் தனியாகவும், புரோபயாடிக்கோடு சேர்த்தும், ஏழேழு நாள் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், 2019இல் வெளிவந்தது. தனி இன்யூலினில் மூச்சு சற்றுத் தேறியது, சளியில் அழற்சி குறைந்தது. புரோபயாடிக் சேர்த்ததில் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. மிகச் சின்ன ஆய்வு, தலையில் வைத்து ஆட வேண்டாம். ஆனால் வெளியிலிருந்து பாக்டீரியாவை இறக்குமதி செய்வதைவிட, உள்ளே இருப்பவற்றுக்குச் சாப்பாடு போடுவது உத்தமம் என்ற பக்கம் அது கை காட்டுகிறது. அந்தச் சாப்பாடு சிறுபயறு, காணம் (கொள்ளு), வாழைக்காய், கீரை, உள்ளி என்று நம் அடுக்களையிலேயே கிடைக்கிறது. இருந்தாலும், பழஞ்சி குடித்து வளர்ந்த தலைமுறைதான் அண்டி ஆபீஸில் இருமிக்கொண்டிருக்கிறது. மைனி வீட்டில் காலையில் பழஞ்சி இல்லாத நாளே கிடையாது.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தை விட்டுவிட்டால் குற்றமாகும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பச்சைக் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதைக் குறைத்தார்கள். 2000 முதல் 2014 வரையில், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் புதிதாக ஆஸ்துமா வருவது ஆயிரத்துக்கு 27.3இலிருந்து 20.2 ஆகக் குறைந்தது. குடல் பாக்டீரியாவை மதிக்கிறவர்கள் செய்ய வேண்டியது இதுதான்: சாதாரணச் சளிக்கு என்னிடம் வந்து "அண்ணே, அந்த மஞ்சக் கேப்சூல் நாலு" என்று கேட்காமல் இருப்பது.

இனி எனக்குக் கோபம் வரும் இடம். 2019இல் அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் கூட்டாகக் கணித்தபடி, பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறக்குறைய 16 சதவீதம் வேலையிடக் காற்றால் வருவது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில்நோய்ப் பட்டியலிலும் அது பெயர் சொல்லி இருக்கிறது. அப்படியிருக்க, அண்டி வறுக்கும் பெண்ணுக்கு மூச்சு முட்டினால் அவள் குடலில் என்ன குறை என்று தேடுகிறோம். புகைக்குழாய் எவ்வளவு உயரம் என்று யாரும் கேட்பதில்லை. கேப்சூல் வாங்கும் காசு அவள் கூலியிலிருந்து போகிறது. ஆலையின் கணக்கில் ஒரு ரூபாயும் கூடுவதில்லை. காற்றின் குற்றத்தை வயிற்றில் சுமத்தும் வேலை இது. வீடியோ போடுகிறவர்கள் தெரிந்து செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, நடப்பது அதுதான்.

இழுப்புக்கு மருந்து கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரு கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது? வேலைக்குப் போகாத நாளில், ஓண விடுப்பில், கிறிஸ்துமஸ் வாரத்தில் மூச்சு சுகமாக இருந்து, வேலைக்குப் போனதும் மறுபடி முட்டினால், சந்தேகம் வேலைத்தளத்தின் மேல். சிலருக்கு வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது, ராத்திரிதான் முட்டும். அதனாலேயே வேலையை யாரும் சந்தேகப்படுவதில்லை. இதை உறுதி செய்ய மலிவான கருவி உண்டு, பீக் ஃப்ளோ மீட்டர், ஒரு பிளாஸ்டிக் குழாய். வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் தினம் நான்கு முறை ஊதி, இரண்டு முதல் நான்கு வாரம் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு அந்தத் தாள் பெரிய உதவி. மைனியிடம் கேட்டதற்கு, "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போற அன்னைக்கு ஒண்ணும் இல்ல தம்பி, அது சாமி பாத்துக்கிடுகு" என்றார். சாமியை நான் மறுக்கவில்லை, ஒரு மீட்டரை மட்டும் கையில் கொடுத்தேன்.

இன்ஹேலர் பற்றி. நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே உள்ள அழற்சி அப்படியே கிடக்கும். அதைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். 2019 முதல் கினா அறிக்கை வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் நீலத்தை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு சமாளிக்கக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. அந்தப் பால்வெட்டுத் தொழிலாளி வேண்டாம் என்று ஒதுக்கியது எது என்று இப்போது புரியும். இழுத்தால் பழகிவிடும், எலும்பு உருகிவிடும் என்ற பயங்களுக்கு நான் சொல்லும் பதில், மைக்ரோகிராம் அளவில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும் மருந்து அது, இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதுதான்.

முகத்தில் தோர்த்து (துண்டு) கட்டிக்கொண்டு ரெசின் அடிக்கும் பையன்களுக்கு ஒன்று. தோர்த்து வாயுவைத் தடுக்காது. என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஸ்டைரீனையோ பெயின்ட் ஆவியையோ தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த கவசம் வேண்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டும். வாங்கித் தர வேண்டியது வேலை கொடுப்பவர். டாக்டரைப் பார்க்கப் போகும்போது டப்பா லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். "பெயின்ட் வேலை" என்று சொல்வதைவிட, லேபிளில் ஐசோசயனேட் என்று இருப்பதைக் காட்டுவது பத்து டெஸ்டுக்குச் சமம்.

ஒவ்வாமை ஞாபகம் பதிந்துவிட்ட வகையில் காலம்தான் எல்லாம். அந்தப் பொருளிடமிருந்து முழுக்க விலகியவர்களிலும் மூச்சு முற்றாகச் சரியானவர்கள் மூன்றில் ஒருவர்தான் என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சீக்கிரம் விலகியவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். ஆறு மாதம் கேப்சூல் சாப்பிட்டுப் பார்ப்போம் என்பதன் விலை இதுதான். கேப்சூல் ஒன்றும் செய்யாது, அந்த ஆறு மாதம் செய்யும்.

மைனியின் தாளில் ஞாயிறும் திங்களும் மேடும் பள்ளமுமாக இருந்தன. டாக்டர் ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதி, புகையில்லாத இடத்துக்கு மாற்றவும் ஒரு சீட்டு கொடுத்தார். ஆபீஸில் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுத் தரம்பிரிக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே கூலி குறைவு. மாதம் பிறந்ததும் அந்தக் குறைவைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு, மூச்சு தேறியதைப் பற்றி இல்லை. டிரம்மின் பக்கத்தில் மைனி இருந்த இடத்தில் இப்போது வேறொரு பெண், வயது குறைவு. இருமல் ஆரம்பித்துவிட்டதாக மைனி சொன்னார். அதன்பிறகு அவர்களில் சிலர் சேர்ந்து, புகைக்குழாயை உயர்த்தவும் டிரம்மின் மேல் புகை உறிஞ்சும் கூடு வைக்கவும் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். ஒரு படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, ஒரு படி தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு. யாருக்கு எந்த நாளில் மூச்சு முட்டியது என்ற விவரத்தையும் பின்னால் இணைக்கச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து இன்னும் முழுதாகச் சேரவில்லை. வேலை போய்விடுமோ என்று பலருக்குப் பயம்.